“பாதி தாறன், பேசாம விடு” என்று சொல்லும் கணவருக்குக் கையெழுத்து வைக்கலாமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் மட்டக்களப்பில் பிறந்தவர், பாடசாலை ஆசிரியை. கணவர் வடமராட்சி. கல்யாணமாகி 13 வருடம், இரண்டு பிள்ளைகள், வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீடு. 2014இல் அந்த வீட்டை வாங்கும்போது இவருடைய அப்பா 40 லட்சம் கொடுத்தார். இவருடைய நகையில் 22 பவுண் அடகுக்குப் போனது. மிச்சம் வங்கிக் கடன், அதில் இவரும் கையெழுத்து வைத்தவர். உறுதி (வீட்டின் உரிமைப் பத்திரம்) மட்டும் கணவர் பெயரில். மட்டக்களப்பில் அம்மா எழுதித் தந்த வளவு ஒன்றும் இவருக்கு உண்டு. எட்டு மாதமாகக் கணவர் தெஹிவளையில் தமையன் வீட்டில் இருக்கிறார். இப்போது அவர் சொல்வது: “நான் வழக்குப் போடுறன். நீ ஒண்டும் பேசாம விடு, கெதியா முடிஞ்சிடும். வீட்டை வித்துப் பாதி தாறன். வளவிலை எனக்கு ஒண்டும் வேண்டாம்.” லண்டனில் இருக்கும் மச்சாளும் பாதி உண்டு என்கிறாராம். ‘சட்டப்படி பாதி எனக்குரியதுதானே அக்கா, அவர் சொல்வதற்குச் சம்மதம் என்று கையெழுத்து வைக்கலாமா?’ என்பது கேள்வி.

தங்கச்சி, வைக்காதீர்கள். 22 வருடமாக, கொழும்பு நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் குடும்ப வழக்குகள் பேசுகிறேன். என் மேசைக்கு முன்னால் வந்து உட்காரும் பெண்களில் பெரும்பாலானோர் உங்களைப் போலவே ‘பாதி’ என்ற சொல்லோடுதான் வருகிறார்கள். அப்படி ஒரு பாதி இலங்கைச் சட்டத்தில் இல்லை.

லண்டனில் இருக்கும் மச்சாள் சொல்வது அந்த நாட்டுச் சட்டம். இங்கேயும் ஒரு காலத்தில், ரோமன் டச்சுச் சட்டத்தின்படி, கல்யாணம் முடிந்ததும் இருவர் சொத்தும் பொதுவாகிவிடும். 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதை எடுத்துவிட்டது. பிறகு 1923இல் வந்த சட்டம், மனைவியின் சொத்து மனைவிக்கே, அதை விற்கவோ ஈடு வைக்கவோ கணவரைக் கேட்கத் தேவையில்லை என்று ஆக்கியது. பொதுச் சட்டத்துக்கு உட்பட்ட பெண்களுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் அதே கணக்கில், கணவர் பெயரில் உள்ளது கணவருடையதாகிவிடுகிறது. உங்கள் சம்பளத்தில் அரிசியும் பால்மாவும் பிள்ளைகளின் வகுப்புக் காசும் போனதால்தான் அவருடைய சம்பளம் கடன் கட்ட மிஞ்சியது. உறுதியில் அதை எழுத ஓர் இடமில்லை. இது அநியாயம் என்றுதான் நினைக்கிறேன், நீதிமன்றத்திலும் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் இன்றிருக்கும் சட்டத்தை வைத்துத்தான் உங்களுக்குப் பதில் சொல்ல முடியும்.

அதில் மிக அவசரமானது வீடு அல்ல, “பேசாம விடு” என்ற அந்த வார்த்தை. இங்கே இருவரும் சம்மதித்தோம் என்று சொல்லி விவாகரத்து வாங்க முடியாது. கல்யாணத்துக்குப் பிந்திய சோரம், வேண்டுமென்றே கைவிட்டுப் போனது, கல்யாண நேரத்திலேயே இருந்த தீராத ஆண்மைக்குறைவு, இந்த மூன்றில் ஒன்றை நிரூபிக்க வேண்டும். ஏழு வருடம் பிரிந்திருந்தால் தானாகக் கிடைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். தவறு நிரூபிக்கப்பட வேண்டும் என்று 1986இலேயே உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே அவர் வழக்குப் போடுவதென்றால் உங்கள் மேல் ஒரு குற்றம் எழுதியே ஆக வேண்டும். வழமையாக எழுதுவது, ‘மனைவி என்னைக் கைவிட்டுவிட்டாள்’. வீட்டை விட்டுப் போனவர் அவர். காகிதத்தில் கைவிட்டவர் நீங்கள். அவர் தெஹிவளையில் இருப்பதால் அழைப்பாணை கல்கிசை மாவட்ட நீதிமன்றத்திலிருந்து வரக்கூடும். நீங்கள் போகாமல் விட்டால் அவருடைய சாட்சியத்தை மட்டும் கேட்டு வழக்கு முடியும். உங்களுக்கு ஒரு சதமும் எழுதப்படாது, ஏனென்றால் யாரும் கேட்கவில்லை.

இப்படித்தான் எத்தனையோ பேர் எல்லாவற்றையும் இழந்துவிட்டு, தீர்ப்பின் பிரதியோடு என்னிடம் வந்திருக்கிறார்கள். அதில் ஒருவர், ‘நான் சண்டை பிடிக்கவில்லை அக்கா, மரியாதையாக ஒதுங்கினேன்’ என்றார். அந்த வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது. வழக்குக்குப் போய் எழுத்தில் மறுமொழி போடுவது சண்டை இல்லை. உங்கள் பிள்ளைகளுக்காகச் செய்ய வேண்டிய வேலை.

ஏன் கட்டாயம் போக வேண்டும் என்றால், பாதி இல்லாத இந்தச் சட்டத்தில் உங்களுக்கு உள்ள வலுவான கதவு அந்த வழக்குக்குள்தான் இருக்கிறது. குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 615ஆம் பிரிவு. விவாகரத்துத் தீர்ப்புச் சொல்லும்போது நீதிபதி, ஒருவருடைய சொத்தில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ மற்றவருக்கோ பிள்ளைகளுக்கோ எழுதிக்கொடுக்கும்படி சொல்லலாம். ஒரே தொகையாகக் காசு கொடு என்று சொல்லலாம். மாதாமாதமோ வருடாவருடமோ கொடு என்று சொல்லலாம். அந்தக் காசுக்குப் பாதுகாப்பாகக் காணியை ஈடு வைக்கச் சொல்லவும் அதிகாரம் உண்டு. ஜீவனாம்சம் என்றால் மாதம் பத்தாயிரம், பதினைந்தாயிரம் என்றுதான் சனங்கள் நினைக்கிறார்கள். வீட்டையே எழுதிக் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. ஆனால் நீதிபதி தானாக எடுத்துத் தரமாட்டார். உங்கள் மறுமொழியில் கேட்டிருக்க வேண்டும், அவருடைய வருமானத்துக்கும் சொத்துக்கும் சாட்சியம் வைத்திருக்க வேண்டும். தவறு யார் பக்கம் என்பதும் நிறுவையில் விழும். எட்டு மாதத்துக்கு முன் அவர் எந்தத் திகதியில் பெட்டியோடு போனார், அன்றைக்கு என்ன வட்ஸ்அப் அனுப்பினார் என்பதெல்லாம் இங்கேதான் உதவும். அழிக்காதீர்கள்.

இன்னொன்று. விவாகரத்து முழுதாக முடிந்துவிட்டால் நீங்கள் சட்டப்படி மனைவி இல்லை. அதன் பிறகு உங்களுக்கென்று நீதவான் நீதிமன்றத்தில் தாபரிப்பு (பராமரிப்புக் காசு) கேட்கப் போக முடியாது. ஆகவே 615இன் கீழ் கேட்பதை விட்டுவிட்டால் பிறகு பிடிக்க வேறு கொப்பு இல்லை.

சரி, இப்போது வீடு.

உறுதி அவர் பெயரில் இருந்தாலும் விலையைக் கொடுத்தது யார் என்று கேட்கும் ஒரு சட்டம் உண்டு. 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம், 84ஆம் பிரிவு. ஒருவர் காசு கொடுக்க, உறுதி இன்னொருவர் பெயரில் முடிந்திருந்தால், அந்தக் காசு உறுதிக்காரருக்கு நன்மையாகக் கொடுக்கப்பட்டதல்ல என்று தெரிந்தால், உறுதிக்காரர் அந்தச் சொத்தைக் காசு கொடுத்தவருக்காகவே வைத்திருக்கிறார் என்று கருதப்படும். உங்கள் அப்பாவின் 40 லட்சமும் உங்கள் 22 பவுணும் இந்தப் பிரிவுக்குள் வரக்கூடியவை. இதைப் பெரும்பாலும் தனி வழக்காகப் போட வேண்டியிருக்கும்.

சிக்கல் எங்கே வரும் என்றால், ‘நன்மையாகக் கொடுக்கப்பட்டதல்ல’ என்ற இடத்தில். அவருடைய சட்டத்தரணி எழுந்து கேட்கும் முதல் கேள்வியை இப்போதே சொல்லிவிடுகிறேன்: “இது மாப்பிள்ளைக்குக் கொடுத்த டொனேஷன்தானே?” எங்கள் சனத்தில் சீதனம் வேறு, டொனேஷன் வேறு. பெண்ணின் பெயரில் எழுதுவது சீதனம். மாப்பிள்ளை வீட்டின் கையில் கொடுக்கும் காசு டொனேஷன். கொடுத்த மறுமாதமே அது மாப்பிள்ளையின் தங்கச்சியின் கல்யாணத்துக்குப் போயிருக்கும், அதைத் திரும்ப எடுப்பது மிகக் கடினம். உங்கள் அப்பாவின் காசு கல்யாணத்துக்கு இரண்டு வருடம் பிந்தி, வீடு வாங்கும் நேரத்தில் கொடுக்கப்பட்டது என்பது உங்களுக்குச் சாதகம். அடுத்ததாக, அது எந்த வழியால் போனது? உங்கள் கணக்குக்கு வந்து அங்கிருந்து கட்டடக் கம்பெனிக்குப் போயிருந்தால் அது உங்கள் காசு என்பதைக் காட்டுவது இலகு. அப்பாவின் கணக்கிலிருந்து நேரே கம்பெனிக்குப் போயிருந்தாலும் பரவாயில்லை, அப்பா வந்து சாட்சி சொல்லலாம். கணவரின் கணக்குக்குப் போயிருந்தால் கொஞ்சம் பாடுபட வேண்டும், ஆனால் முடியாததில்லை. அந்த வாரத்தில் வந்த காசும் போன காசும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

பொருந்துவது என்றால் என்ன என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். சில வருடத்துக்கு முன் ஒரு தாய், மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் பழைய பிஸ்கட் ரின் ஒன்று. திறந்தால் உள்ளே ஆறு அடகுச் சீட்டுகள், மேலே ரப்பர் வளையம். ரப்பர் உருகிக் காகிதத்தோடு ஒட்டியிருந்தது, பிளேடால் மெல்ல மெல்லக் கீறித்தான் எடுத்தோம். நகையை மீட்க முடியாமல் ஏலத்தில் போய்விட்டது. அதனால்தான் சீட்டு கையில் மிஞ்சியிருந்தது. ஒவ்வொன்றிலும் நிறை, தொகை, திகதி. ஆறு சீட்டும் ஒரே வாரம். அதே வாரத்து வெள்ளிக்கிழமை மருமகன் வீடு வாங்கக் கட்டிய முற்பணத்தின் பற்றுச்சீட்டை மகள் வைத்திருந்தாள். ஆறு தொகையையும் கூட்டினேன். முற்பணத்துக்கு ஏழாயிரம் ரூபாய்தான் குறைவு. அந்தத் தாய் கண்ணை மூடி, “அந்த ஏழாயிரத்தையும் நான்தான் சேலைக்குள்ள முடிஞ்சு கொண்டு வந்தனான்” என்றார். அந்தக் காகிதங்களை மறுபக்கச் சட்டத்தரணிக்குக் காட்டிய பிறகு வழக்கு விசாரணைக்கே போகவில்லை. வீட்டில் மகளுக்கு ஒரு பங்கு எழுதி இணக்கத்துக்கு வந்தார்கள்.

உங்கள் நகையை மீட்டிருந்தால் சீட்டு திரும்பிப் போயிருக்கும். அடகு வைத்த இடத்தில் கேளுங்கள், வங்கிக் கணக்கில் அந்தத் தொகை வைப்பிலிடப்பட்டதா என்று பாருங்கள். செட்டியார் தெருவில் நகை வாங்கிய பில், கல்யாண ஆல்பத்தில் அந்த நகை கழுத்தில் இருக்கும் படம், அம்மா கொப்பியில் எழுதிவைத்த பவுண் கணக்கு, எல்லாம் வேண்டும். இப்போது வீட்டில் இருக்கும் நகையைப் பொறுத்தவரை, உங்கள் பெற்றோர் போட்டது உங்களுடையது. மாப்பிள்ளை வீட்டார் போட்ட தாலிக்கொடியைப் பற்றித்தான் பல வீடுகளில் இழுபறி. அதற்காக மற்றதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

இனி மட்டக்களப்பு வளவு. இதைக் கேட்டால் உங்களுக்கு அதிர்ச்சியாக இருக்கும். நீங்கள் பிறப்பால் தேசவழமைக்கு உட்பட்ட ஆள் அல்ல. தேசவழமை வடமாகாணத் தமிழருக்குரிய சட்டம். மட்டக்களப்பாருக்கோ மலையகத் தமிழருக்கோ கொழும்புச் செட்டிமாருக்கோ அது இல்லை, அவர்களுக்குப் பொதுச் சட்டம்தான். ஆனால் 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், உரித்துரிமைக் கட்டளைச் சட்டம், தேசவழமைக்குட்பட்ட ஆணை முடித்த பெண் அந்தக் கல்யாணம் இருக்கும்வரை தேசவழமைக்குள் வருவாள் என்கிறது. அதே சட்டம், மனைவி தன் சொந்த அசையாச் சொத்தை விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்கிறது. உங்கள் அம்மா உங்களுக்கு எழுதிய வளவு உங்களுடையது, அவருக்கு அதில் உரிமை இல்லை. ஆனாலும் இன்றைக்கு அதை விற்க அவருடைய கையெழுத்து வேண்டும். கணவருக்கு இப்படி ஒரு கட்டுப்பாடு இல்லை. 2025இலும் ஒரு படித்த பெண் தன் தாய் தந்த நிலத்துக்கு இன்னொருவரிடம் சம்மதம் கேட்டு நிற்பது வேதனையானது. “வளவிலை எனக்கு ஒண்டும் வேண்டாம்” என்று அவர் விட்டுக்கொடுப்பது போலச் சொல்வது, அவரிடம் இல்லாத ஒன்றைத்தான். அதற்கு மாற்றாக நீங்கள் எதையும் கொடுக்கத் தேவையில்லை. அவர் கைவிட்டுப் போயிருந்தாலோ காரணமின்றிச் சம்மதம் மறுத்தாலோ மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து அனுமதி எடுக்கலாம்.

கொழும்பில் இத்தனை வருடம் இருந்தும் அவர் தேசவழமைக்குட்பட்டவரா என்று கேட்பீர்கள். வேலைக்காக வந்து இருப்பதால் மட்டும் அது போய்விடாது. ஊரில் வீடு வளவு இருக்கிறதா, திரும்பிப் போகும் எண்ணம் இருந்ததா, நிரந்தர வீடு என்று எதை நினைத்தார் என்ற விடயங்களை வைத்துத்தான் நீதிமன்றம் முடிவெடுக்கும். இரண்டு தலைமுறையாகக் கொழும்பிலேயே ஊன்றிவிட்ட குடும்பமென்றால் வாதாட இடமுண்டு.

தேசவழமை என்றதும் ‘தேடியதேட்டத்தில் பாதி’ என்று உங்கள் மாமாமார் சொல்லியிருப்பார்கள். அந்தப் பாதியின் கதையும் இதுதான்: 1947ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, கல்யாண காலத்தில் ஒருவர் தன் உழைப்பில் தேடியது அவருடைய தேட்டம். அவர் இறக்கும்போது, மரண சாசனத்தாலோ வேறு விதமாகவோ அதைக் கைமாற்றாமல் விட்டிருந்தால், அதில் பாதி மற்றவருக்கு வரும். இறப்புக்குச் சொன்னதை விவாகரத்துக்குச் சொன்னதாக நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

முஸ்லிம் சகோதரிகளும் இதை வாசிக்கக்கூடும் என்பதால் ஒரு வரி: உங்களுக்கு 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம், காதி நீதிமன்றம். மாப்பிள்ளை பெண்ணுக்குத் தர வேண்டிய மஹரையும், பெண்ணுக்காக மாப்பிள்ளையின் கையில் கொடுத்த கைக்கூலியையும் அங்கே கேட்டு எடுக்கலாம். கைக்கூலியைத் திருமணப் பதிவில் எழுதியிருந்தால் பாதி வேலை முடிந்தது.

கடனுக்கு வருகிறேன். வீடு யாருக்குப் போனாலும், கடன் பத்திரத்தில் உங்கள் கையெழுத்து இருக்கும்வரை வங்கி உங்களிடமும் வரும். விவாகரத்துத் தீர்ப்பு வங்கியைக் கட்டுப்படுத்தாது. அவர் தவணை கட்டாமல் விட்டால் உங்கள் பெயரும் கடன் பதிவில் கறுக்கும். எந்த இணக்கம் எழுதினாலும், கடனை யார் கட்டுவது, எத்தனை மாதத்துக்குள் வங்கி உங்கள் பெயரை எடுத்துவிட வேண்டும் என்பது அதில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சு போதாது. காணி சம்பந்தப்பட்ட எதுவும் 1840ஆம் ஆண்டுச் சட்டப்படி நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சியோடு உறுதியாக எழுதினால்தான் செல்லும். “பாதி தாறன்” என்று வெள்ளைத் தாளில் எழுதி முத்திரை ஒட்டித் தந்தாலும் அதை நம்பி வீட்டை விட்டு இறங்காதீர்கள். இணக்கம் என்றால் வழக்கேட்டில் பதியப்பட்ட இணக்கமாக இருக்கட்டும்.

ஊழியர் சேமலாப நிதியைப் பாதியாகப் பிரித்துத் தரும் ஏற்பாடு இங்கில்லை. ஆனால் அவருடைய சம்பளத்தில் 8 வீதமும் முதலாளி பங்காக 12 வீதமும் மாதாமாதம் சேருகிறது, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி இன்னும் 3 வீதம் கட்டுகிறார். ஒரே தொகையாக எவ்வளவு கேட்கலாம் என்று கணக்கிடும்போது அந்த மீதியையும் நீதிபதிக்குக் காட்ட வேண்டும். உங்கள் சொந்தக் காப்புறுதியிலும் வங்கிக் கணக்கிலும் பின்னுரித்தாளராக யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். கூட்டுக் கணக்கின் கூற்றை எடுத்து வையுங்கள். கோபத்தில் அதை நீங்களே வழித்தெடுக்காதீர்கள், பிறகு அதைச் சொல்லியே உங்களைக் குறுக்கு விசாரணை செய்வார்கள்.

வழக்கு ஓடும் காலத்தில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்ற பயம் இருக்கும். விவாகரத்து வழக்குக்குள்ளேயே 614ஆம் பிரிவின்படி இடைக்கால ஜீவனாம்சம் கேட்கலாம். பிள்ளைகளுக்கு 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் இன்றைக்கே கேட்கலாம், விவாகரத்து வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பல்கலைக்கழகம் போகும் பிள்ளைக்கு 18 வயதோடு முடிந்துவிடாது, 25 வயதுவரை கேட்க இடமிருக்கிறது. உங்களுக்குச் சம்பளம் வருவதால் உங்களுக்கென்று கேட்பதில் தர்க்கம் வரும், பிள்ளைகளுக்கு வராது.

அடி, மிரட்டல் என்று ஏதாவது நடந்திருந்தால் மறைக்காமல் உங்கள் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் எடுக்கும் பாதுகாப்புக் கட்டளையில், உங்களை நடுத்தெருவில் விடும்படியாகக் குடும்ப வீட்டை விற்கவோ ஈடு வைக்கவோ கூடாது என்றும் கேட்க முடியும். அப்படி எதுவும் இல்லாவிட்டாலும், அவர் அவசரமாக விற்கப் பார்ப்பதால், நம்பிக்கைப் பொறுப்பு வழக்கைப் போட்டு இடைக்காலத் தடையுத்தரவு கேட்க வேண்டும். அந்த வழக்கு நிலுவையில் இருப்பதைக் காணிப் பதிவகத்தில் பதிந்துவிட்டால் வாங்க வருபவரின் நொத்தாரிசு அதைக் கண்டு பின்வாங்குவார். அதற்கு முன் பதிவகத்தில் ஒரு தேடுதல் போட்டு, உங்களுக்குத் தெரியாமல் ஏற்கனவே ஏதாவது எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லை என்றால் புதுக்கடையிலேயே சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, வருமானத்தைப் பார்த்து எடுத்துக்கொள்வார்கள்.

தீர்ப்பு வந்தாலும் அது முதலில் இடைக்காலத் தீர்ப்புத்தான். குறைந்தது மூன்று மாதம் கழித்தே முடிவானதாகும். அதுவரை நீங்கள் மனைவிதான், அந்த வீட்டில்தான் இருங்கள். “பிள்ளைகளோடு கொஞ்ச நாள் மட்டக்களப்புக்குப் போ” என்று யார் சொன்னாலும், அவருடைய தாயார் வந்து அழுதாலும், உங்கள் சட்டத்தரணியைக் கேட்காமல் பெட்டி கட்டாதீர்கள். பள்ளி விடுமுறைக்குப் போவதென்றாலும் திரும்பி வரும் திகதியைச் சொல்லி அவருக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டுப் போங்கள்.

இன்று பின்னேரம் அப்பாவுக்கு அழைப்பு எடுங்கள். 2014ஆம் ஆண்டு வங்கிப் புத்தகம் அலுமாரியில் இருக்கிறதா என்று கேளுங்கள். வங்கிகள் பழைய பதிவுகளை எக்காலமும் வைத்திருப்பதில்லை, ஆகவே அந்தச் சின்னப் புத்தகம் இருந்தால் தபாலில் அனுப்ப வேண்டாம், யாராவது கையில் கொண்டு வரட்டும்.